பரண்ல இருந்து இறங்கின காசு டப்பாவை முதல்ல கழுவாதீங்க

திருச்சியில பழைய காசு, நோட்டு வாங்கி விக்கிற தொழில்ல 22 வருஷமா இருக்கேன். போன மாசம் ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க, அறுபது வயசு இருக்கும், கையில துருப்பிடிச்ச பிஸ்கட் டப்பா. அவங்க அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல வேலை பாத்தவராம், காசு சேக்குறதுதான் அவருக்கு உசுராம், அவர் போனதுக்கு அப்புறம் டப்பா பரண் மேல ஏறினது ஏறினதுதான், முப்பது வருஷத்துக்கு மேல யாரும் தொடவே இல்ல. இப்ப வீட்டை விக்கிறாங்க, ஒழிச்சுப் போடும்போது கிடைச்சிருக்கு. "தம்பி, ரெண்டு நாளா உக்காந்து புளி போட்டுத் தேச்சு நல்லா பளபளன்னு கொண்டாந்திருக்கேன், பாருங்க"ன்னு பெருமையா மூடியைத் திறந்தாங்க.

எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. வெள்ளி ரூபா எல்லாம் புது எவர்சில்வர் மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு, செம்புக் காசெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கு. புளி, கல்லுப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர், கடைசியா வெள்ளிக்கு மட்டும் விபூதி. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது. குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் அப்படித்தானே நம்ம வீடுகள்ல காலங்காலமா தேய்க்கிறோம், அழுக்கா இருந்தா கழுவணும்னுதானே சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா மாசத்துக்கு ஒருத்தராவது இப்படித் தேச்சு எடுத்துட்டு வர்றதைப் பாக்குறதால இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

பழைய வெள்ளிக் காசு மேல கருப்பா, நீலமா, சில நேரம் மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் படிஞ்சிருக்கும். அது அழுக்கு இல்ல. காத்துல இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேந்து வருஷக்கணக்கா உருவான தோல் அது, சேகரிக்கிறவங்க முதல்ல பாக்குறதே அதைத்தான். பவுடர் போட்டுத் தேச்சா அந்தத் தோலோட சேத்து ராணி தலையில இருக்கிற முடிக்கோடு, ஓரத்துப் புள்ளி, பூவேலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும், லென்ஸ் வச்சுப் பாத்தா கோடு கோடா கீறல் தெரியும், அதைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு யாராலயும் முடியாது. விக்டோரியா ராணி ரூபா ஒண்ணை உதாரணத்துக்குச் சொல்றேன். 1862ன்னு போட்ட ரூபா இந்தியா பூரா ஏகப்பட்டது கிடைக்கும், ஏன்னா 1862ல ஆரம்பிச்சு 1874 வரைக்கும் அச்சுல அந்த ஒரே வருஷத்தைத்தான் வச்சு அடிச்சாங்க. பாம்பே மின்ட்ல, அதாவது அங்க காசு அடிக்கிற சாலையில மட்டும் எந்த வருஷம் அடிச்சதுன்னு தெரிய சின்னச் சின்னப் புள்ளி வச்சாங்க. அந்தப் புள்ளியை எண்ணித்தான் இது சாதாரணமா, அபூர்வமான்னு சொல்ல முடியும். குண்டூசி முனை அளவு புள்ளி அது. பாத்திரப் பவுடருக்கு முன்னாடி அது எம்மாத்திரம்? தேச்ச காசுக்கு என்னை மாதிரி ஆளுங்க வெள்ளி விலையை ஒட்டித்தான் குடுப்போம், அதுக்கு மேல கேக்க ஆள் வராது.

செம்புக்கு இன்னும் மோசம். புளி, எலுமிச்சை, தயிர் எல்லாமே புளிப்பு, அது மேல் தோலையே கரைச்சிடும். பழுப்பு நிறம் போயி ரோஸ் வந்துட்டா அந்தக் காசு "கழுவின காசு"ன்னு தூரத்துல இருந்தே தெரியும். வெறும் தூசியும் மண்ணும்தான்னா நல்ல தண்ணியில போட்டு ஊற விட்டு, எடுத்து, மெத்துன்னு இருக்கிற துணியில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, அதுவும் சந்தேகமா இருந்தா செய்யாதீங்க. பச்சையா மாவு மாதிரி களிம்பு பூத்து, தொட்டா உதிருதுன்னா அது காசைத் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த ஒண்ணைத் தனியா எடுத்து வச்சுட்டு விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. எழும்பூர் மியூசியத்துல இதுக்குன்னே ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கு.

இதை விட எனக்கு மனசு கஷ்டமானது அடுத்து அந்த அம்மா சொன்னது. "ஒவ்வொரு காசையும் ஒரு துண்டு பேப்பர்ல மடிச்சு வச்சிருந்தாரு தம்பி, பூச்சி அரிச்சுக் கிடந்துச்சு, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டேன்." பேப்பர்ல ஏதாவது எழுதியிருந்துச்சாம்மான்னு கேட்டேன். ஆமா, தேதி, ஊரு, யாரு குடுத்தாங்கன்னு எல்லாத்துலயும் எழுதியிருந்தாராம்.

சேத்தவர் கையால எழுதின அந்தத் துண்டு பேப்பர்தான் டப்பாவோட பாதி உயிர். காசு எங்க கிடைச்சுது, எப்ப கிடைச்சுதுன்னு தெரிஞ்சா அதோட மதிப்பே வேற, ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் அதுதான் வேணும். அதனால டப்பா கிடைச்சா முதல் ஒரு வாரம் எதையும் பண்ணாதீங்க, எந்தக் காசு எந்தப் பொட்டலத்துல, எந்தப் பையில இருந்துச்சோ அப்படியே வச்சு போன்ல போட்டோ எடுங்க, ரெண்டு பக்கமும், பொட்டலத்தையும் சேத்து. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா பக்கத்துல உக்காந்து கேளுங்க, தாத்தா எங்க வேலை பாத்தாரு, பர்மாவுக்குப் போனாரா, சிலோனுக்குப் போனாரா, அந்த வெளிநாட்டுக் காசு எப்படி வந்துச்சுன்னு. அவங்களும் போயிட்டா கேக்க ஆள் இல்ல.

காசை எப்பவும் விளிம்பைப் பிடிச்சு எடுங்க. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீங்க, ரப்பர்ல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கருக்கிடும். ரொம்ப பேர் மெத்து மெத்துன்னு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வாங்கிப் போடுறாங்க, சில வருஷத்துல அதுல இருந்து பசை மாதிரி பச்சையா கசிஞ்சு காசு மேல ஒட்டும், அது வராம இருக்க பிவிசி இல்லாத கவர்னு கேட்டு வாங்குங்க, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு ஈரம் இல்லாத இடத்துல வைங்க. பழைய நோட்டை மட்டும் தயவுசெஞ்சு லேமினேஷன் பண்ணாதீங்க, பத்திரமா இருக்கும்னு நினைச்சுப் பண்றாங்க, அதோட அந்த நோட்டு முடிஞ்சுது.

சரி, டப்பாவுல என்னதான் இருக்கும்? நான் பாத்த வரைக்கும் நம்ம ஊர் டப்பாக்கள்ல ஓட்டைக் காலணா கண்டிப்பா இருக்கும், 1943ல இருந்து 1947 வரைக்கும் வந்தது, யுத்த காலத்துல உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவுல ஓட்டை போட்டு அடிச்சது, நிறைய கிடைக்கும், விலை கம்மிதான். சதுர ரெண்டணா, பூ விளிம்பு ஓரணா, 1957 ஏப்ரல் 1க்கு அப்புறம் வந்த நயா பைசா, தாமரைப் பூ போட்ட மஞ்சள் 20 காசு, இதெல்லாம் இருக்கும். 25 காசும் அதுக்குக் கீழயும் 2011 ஜூன் 30ஓட செல்லாமப் போச்சு, 50 காசு இன்னமும் செல்லும். வெள்ளி ரூபாய்னா ஒரு கணக்கு வச்சுக்கோங்க: 1835ல இருந்து 1939 வரைக்கும் உள்ள ரூபா 11.66 கிராம் எடை, அதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940ல இருந்து 1945 வரைக்கும் அதே எடைதான் ஆனா வெள்ளி பாதிக்குப் பாதிதான். 1947 புலி போட்ட ரூபாயில வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல், காந்தத்துல ஒட்டும். இது தெரியாம எல்லாத்தையும் ஒரே தராசுல போட்டு "மொத்தமா இவ்வளவு"ன்னு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, என் தொழில்ல இருக்கிறவங்களே அப்படிப் பண்றாங்கன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு ஆனா சொல்லித்தான் ஆகணும்.

டப்பாவுல ராஜா தலை போட்ட தங்கப் பவுன் ஒண்ணு இருந்துச்சுன்னா நகைக்கடைக்குத் தூக்கிட்டுப் போயி உருக்கிடாதீங்க. நாம எட்டு கிராமை சவரன்னு சொல்றதே அந்தக் காசோட பேர்லதான். 1918ல அது பாம்பேயிலயே அடிக்கப்பட்டுச்சு, பின்பக்கம் குதிரைக்குக் கீழ, வருஷத்துக்கு மேல சின்னதா ஆங்கில ‘ஐ’ எழுத்து இருக்கும், அதைப் பாக்காம உருக்கக் குடுக்கிறது பெரிய பாவம்.

அடுத்து ஏமாத்து வேலை, இதுலதான் நிறைய பேரு காசை விடுறாங்க. ராமர் பட்டாபிஷேகம், அனுமார், தாமரை போட்டு இந்தப் பக்கம் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818"ன்னு எழுதியிருக்கிற செம்புக் காசு இல்லாத டப்பா இல்ல. கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. கோயில் வாசல்லயும் சந்தையிலயும் வித்த வில்லை அது, சாமி படத்துக்காக பூஜை ரூம்ல வைங்க, லட்ச ரூபான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதே காசு "அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கு, கோடி ரூபா போகும்"னு ஒரு கும்பல் ரைஸ் புல்லிங் பேர்ல சுத்துது, டெஸ்ட் பண்ண ஆள் வரணும் அதுக்கு செலவுக்குக் குடுங்கன்னு கேப்பாங்க. தமிழ்நாட்டுல இதுக்கு எத்தனையோ கேஸ் ஆகியிருக்கு.

இன்னொண்ணு, "வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா காசு வச்சிருக்கீங்களா, பத்து லட்சம்"னு வர்ற வீடியோ. அது 2012ல வந்த காசு, இப்பவும் சில்லறையில வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இந்த மாதிரி ஒரு நம்பருக்கு போட்டோ அனுப்பியிருக்காரு, உடனே ரேட் பேசி, ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட லெட்டர் அனுப்பி, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கமிஷன்னு கொஞ்சம் கொஞ்சமா 38,000 ரூபா வாங்கிட்டாங்க. ரிசர்வ் வங்கி இந்த மாதிரி பழைய காசு, நோட்டு வாங்கிறதும் இல்ல, அதுக்கு கட்டணமோ கமிஷனோ கேக்குறதும் இல்ல, 2021 ஆகஸ்ட்ல அவங்களே அறிவிப்பு விட்டு எச்சரிச்சிருக்காங்க. உங்க பொருளை வாங்குறவன் உங்களுக்குத்தான் பணம் தரணும். உங்களை ஒரு ரூபா முன்னாடி கட்டச் சொன்னாலும் போனை வச்சுட்டு சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க.

சட்டம் ரெண்டு வார்த்தை. பரண்ல கிடைச்சது உங்க குடும்பச் சொத்து. ஆனா அஸ்திவாரம் தோண்டும்போதோ வயல் உழும்போதோ பானையில கிடைச்சா அது வேற, 1878ல போட்ட புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும், ஒளிச்சா குத்தம். நூறு வருஷத்துக்கு மேல பழைய காசை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கும் 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அந்த அம்மாவோட பையன் அமெரிக்காவுல இருக்காரு, லீவுக்கு வரும்போது பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னாராம், வேண்டாம்மா, ஏர்போர்ட்ல மாட்டினா பொருளும் போயி கேஸும் ஆகும்னு சொல்லித் தடுத்தேன்.

விக்கிறதா வைக்கிறதான்னு கேட்டா, அவசரம் இல்லன்னா உடனே விக்காதீங்கன்னுதான் வியாபாரியா இருந்தும் சொல்வேன். குறைஞ்சது மூணு பேர்கிட்ட காட்டுங்க, டப்பாவைக் குடுத்துட்டு வராதீங்க, உங்க கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விலை எழுதி வாங்குங்க. பெரிய ஊர்கள்ல சேகரிப்பாளர் சங்கங்கள் கண்காட்சி நடத்துவாங்க, அங்க சும்மா ஒரு நாள் சுத்திப் பாத்தாலே எது எவ்வளவுன்னு பிடிபடும். அண்ணன் தம்பி பிரிக்கும்போது எடை போட்டு சரிபாதியா பிரிச்சதைப் பாத்திருக்கேன், வரிசையா ஒரு வருஷம் விடாம சேத்திருந்த அணாக்காசு ரெண்டு வீட்டுக்குப் போயி ரெண்டுமே அரைகுறையா நிக்குது. ஒருத்தர் மொத்தமா வச்சுக்கிட்டு மத்தவங்களுக்குப் பணமா குடுக்கிறது நல்லது. இல்ல, யாருக்கும் ஆர்வமே இல்லன்னா நீங்க படிச்ச ஸ்கூலுக்குக் குடுக்கலாம், ஆனா பூட்டின கண்ணாடி அலமாரியும் பொறுப்பான ஒரு வாத்தியாரும் இருக்காங்களான்னு பாத்துட்டுக் குடுங்க.

அந்த அம்மா மறுநாள் காலையில திரும்பவும் வந்தாங்க, இந்தத் தடவை கையில ஒரு மஞ்சப்பை. பழைய பேப்பர்காரர் இன்னும் வரலயாம், கட்டுக்குள்ள தேடித் தேடி அப்பா எழுதின துண்டுகளைப் பொறுக்கிட்டு வந்திருக்காங்க, பத்தொம்பது கிடைச்சுது. ரெண்டு பேரும் மேஜையில பரப்பி உக்காந்தோம். ‘நயா பைசா, டவுன் பஸ் கண்டக்டர் சில்லறை, 13.4.57’ன்னு ஒண்ணு. அதுக்குரிய காசு டப்பாவுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதனால அதைச் சேத்துட்டோம். ‘அரியலூர் செட்டியார் கடை, 1862’ன்னு இன்னொண்ணு. டப்பாவுல 1862 ரூபா நாலு இருக்கு, நாலும் ஒரே மாதிரி தேச்சு வெளுத்துக் கிடக்கு, எது அரியலூர்ல வாங்கினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்படி எட்டு பேப்பருக்குத்தான் ஜோடி சேந்துச்சு, மீதி சேரல.

ஜார்ஜ் ராஜா ரூபாயில ஒரே மாதிரி ரெண்டு மூணு இருந்ததை மட்டும் எனக்கு வித்தாங்க. அந்த நாலு 1862ஐயும் விக்க மனசு வரல, நானும் கேக்கல. நாலையும் ஒரே கவர்ல போட்டு, அப்பா எழுதின அரியலூர்த் துண்டையும் உள்ள வச்சு, மேல அவங்க கையெழுத்துல ‘இதுல ஒண்ணு’ன்னு எழுதி எடுத்துட்டுப் போனாங்க.