தையல் மிஷின் குடுத்தாச்சு, அப்புறம்?

போன வாரம் காரைக்குடில ஒரு பழைய சாமான் கடை வாசல்ல தையல் மிஷின் ஒண்ணு நிக்குது, பலகையில வழங்கினவர் பேரு பெயிண்ட் கூட உரியாம அப்படியே இருக்கு. எந்தத் திருநங்கைக்குக் குடுத்ததுனு எனக்குத் தெரியும், அந்த மேடையில பொன்னாடை போத்திக்கிட்டு நானும்தான் உக்காந்திருந்தேன். இப்படித் திரும்பி வந்ததுல எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது. குடுத்தவருக்குப் போன் போட்டா, "நான் அப்பவே சொன்னேன்ல மேடம், இவங்களுக்கு உடம்பு வணங்காது, கைதட்டியே பழகிட்டாங்க"ங்கிறார்.

இதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சிறுதொழில் பயிற்சி குடுக்கறதுதான் என் பொழப்பு, பல வருஷமா திருநங்கைகளுக்கும், பொறப்புல பொண்ணுனு எழுதுனாலும் ஆம்பளையா வாழுற திருநம்பிகளுக்கும் சேத்து நடத்துறேன், அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், கேளுங்க. அந்தப் பொண்ணுக்குப் பத்து நாள்ல நேர்த்தையலும் ஓரம் அடிக்கிறதும் மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. பிளவுஸ் வெட்டத் தெரியாத டெய்லர்கிட்ட நம்ம ஊர்ல யாரு துணி குடுப்பா? மத்தவங்களுக்கு மூவாயிரத்துக்கு விடுற வீடு அவளுக்கு அஞ்சாயிரத்து ஐநூறு. அஞ்சாந்தேதி ஆனா வீட்டுக்காரர் வந்து நிப்பார். மிஷின் மாசத்துக்கு எண்ணூறு ரூபா சம்பாதிச்சுக் குடுத்துச்சு. கடை கேக்கப் போனா, அதாங்க கடை கடையாப் போய் காசு வாங்குறது, அன்னன்னைக்குக் கையில பணம். நீங்களா இருந்தா எதுக்குப் போவீங்க? முதல் ஆறு மாசம் எந்தத் தொழிலும் சோறு போடாது, செட்டிநாட்டுல பொறந்தவங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவங்க கூட கைமுதல் இல்லாமயா கப்பல் ஏறுனாங்க? அவளுக்குக் குடுத்தது மிஷின், கைமுதல் குடுக்கல. அந்த ஆறு மாச வாடகைக்கும் சோத்துக்கும் வழி பண்ணாம நடத்துற பயிற்சி போட்டோவுக்குத்தான் ஆகும்.

மிஷின்தான் இப்படினு பாத்தா பலகாரத்துலயும் இதே கதைதான். என் பேட்ச்ல ஒருத்தி தேன்குழலும் மணகோலமும் போடுவா, ஆச்சிமாரே வாயில போட்டுட்டு ஒரு நிமிஷம் பேசமாட்டாங்க. தேன்குழல் கிலோ என்ன விலைக்குக் குடுக்கிறேனு கேட்டேன், 250ன்னா. உக்கார வச்சு எழுத வச்சேன். அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் 190, கேஸ் 25, கவரும் ஸ்டிக்கரும் 12, ஆக 227. ரெண்டு பேரு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அடுப்புல வெந்து பத்து கிலோ போட்டா மிச்சம் 230 ரூபா, ஆளுக்கு 115. ஏண்டி கூலியப் போடலனு கேட்டா, "நம்மகிட்ட வாங்குறதே பெருசுக்கா"ங்கிறா. எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. வாங்க வர்றவங்களும் சும்மா இல்ல, "உனக்கென்ன புள்ளையா குட்டியா, கொறச்சுக் குடு"ங்கிறாங்க. பெரிய கடையில பில்லுல போட்ட காசை அப்படியே குடுத்துட்டு வர்றவங்கதான் இவகிட்ட புள்ள குட்டி கணக்குப் பாக்குறாங்க.

அடுத்து பேரு. கடைக்கு க்யூஆர் ஒட்டியிருப்பாங்க, ஸ்கேன் பண்ணதும் பேங்க்ல இருக்கிற பழைய ஆம்பளைப் பேரு திரையில வரும், வர்றவரு அதை நாலு பேரு கேக்குற மாதிரி சத்தமாப் படிப்பாரு. இதுக்காகவே ஒருத்தி க்யூஆர கிழிச்சுப் போட்டுட்டா, சில்லறை இல்லாம பாதி வியாபாரம் போச்சு. அதனால முதல் வாரமே பேப்பர் வேலையை முடிங்க. 2019 திருநர் உரிமைச் சட்டப்படி கலெக்டர் குடுக்கிற அடையாள அட்டைக்கு ஆன்லைன்ல விண்ணப்பிங்க, அதை வச்சு ஆதார், பான், பேங்க்னு எல்லாத்துலயும் ஒரே பேரு ஒரே எழுத்து இருக்கணும், ஒரு இனிஷியல் மாறுனாலும் லோன் திரும்பி வரும். உத்யம், அதாவது சிறுதொழிலுக்கான அரசாங்கப் பதிவு, இலவசம், அதுக்கு ஐநூறு ஆயிரம் கேக்கிற புரோக்கரை வாசல்லயே நிறுத்துங்க. கடைப் பேர்ல அக்கவுண்ட் திறந்து வியாபாரி க்யூஆர் வாங்குனா திரையில கடைப் பேருதான் வரும். விண்ணப்ப ஃபாரத்துல மூணாம் பாலினத்துக்கு இடமில்லனு பேங்க்ல சொன்னா, 2015லயே ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை அனுப்பியாச்சுனு சொல்லுங்க, பொறுமையா, ஆனா எழுந்திரிக்காம. பிஎம்இஜிபினு மத்திய அரசு மானியத்தோட குடுக்கிற தொழில் கடன்ல பொதுப் பிரிவுக்காரங்க சொந்தப் பணம் 10 சதவீதம் போடணும், திருநங்கை, திருநம்பிகளுக்கு 5 போதும், கிராமத்துல தொடங்குனா மானியம் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. லேமினேட் பண்ண பயிற்சி சர்டிபிகேட்டை மேனேஜர் திருப்பிக் கூடப் பாக்க மாட்டார், ஆறு மாச ஸ்டேட்மென்ட்டத்தான் பாப்பார், அதனால வர்ற காசு பூராவும் அக்கவுண்ட் வழியாப் போகட்டும்.

பயிற்சி நடத்துறவங்களுக்கு ஒண்ணு. எல்ஜிபிடி, அதாவது ஒரே பாலினத்தை நேசிக்கிறவங்க, திருநர்னு எல்லாருக்குமான பயிற்சினு பேனர் கட்டிட்டு திருநங்கைகள மட்டும் எண்ணிட்டுப் போறீங்க. பத்தாவது சர்டிபிகேட்டைக் கூட எடுக்காம வீட்டை விட்டு வந்த திருநம்பி, பொண்ணும் பொண்ணுமா ஒரே வீட்டுல இருக்கிறதை வெளிய சொல்ல முடியாதவங்க, இவங்கள்லாம் உங்க பேனருக்குக் கீழ வந்து நிக்க மாட்டாங்க. சம்மதத்தோட இருக்கிற ஒரே பாலின உறவைக் கூடக் குத்தம்னு சொன்ன 377ஆம் பிரிவை சுப்ரீம் கோர்ட் அந்த அளவுக்கு 2018லயே நீக்கிருச்சு, வீட்டு ஓனர் மனசுலருந்து இன்னும் போகல. பயிற்சி ஃபாரத்துல 'நீங்க யாரு'னு கேக்காதீங்க, கேக்காம போட்டோ போடாதீங்க. பாக்கெட்ல 'திருநங்கை செய்தது'னு போடணுமா வேணாமாங்கிறதை அவங்க முடிவு பண்ணட்டும். இந்த வெயில்ல மெழுகுவத்தி செய்யக் கத்துக் குடுக்கறதையும் தயவு செஞ்சு நிறுத்துங்க. பனை ஓலையில கொட்டான் கூடை பின்னட்டும், பலகாரம் போடட்டும், அதுக்குத்தான் இங்க கல்யாணச் சீர் இருக்கு, வாங்க ஆள் இருக்கு.

வாங்குறவங்களே, உங்ககிட்ட ஒரே ஒரு கெஞ்சல். தீபாவளிக்குப் பலகாரம் வேணும்னா பதினஞ்சு நாள் முன்னாடி சொல்லி பாதிப் பணத்தைக் கையில குடுத்துருங்க. ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி "ரெண்டு கிலோதானே"ங்காதீங்க, ரெண்டு கிலோன்னாலும் இருவது கிலோன்னாலும் சட்டி காயிறதுக்கு ஒரே நேரம்தான்.