விபத்து: ஒரு சொல்லும் தொப்பூர் இறக்கமும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும். அங்கே நடப்பதை ‘விபத்து’ என்கிறோம். அந்தச் சொல்லே சரிதானா?

வடமொழியில் ‘பத்’ என்ற வேருக்குப் போதல், விழுதல் என்று பொருள். முன்னொட்டு மாற மாற அதிலிருந்து சம்பத்து, ஆபத்து, விபத்து மூன்றும் பிறந்தன. சம்பத்து செல்வம், அதற்கு நேர் எதிர் விபத்து, அதாவது கேடு. தமிழில் அது சுருங்கி, எதிர்பாராமல் வந்த இடர் என்றாகிவிட்டது. ‘ஆக்சிடென்ட்’டின் லத்தீன் மூலத்துக்கும் ‘வந்து விழுவது’ என்றே பொருள். வானத்திலிருந்து விழுந்தால் யாரைக் கேட்பது? பிரிட்டனின் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2001இல் அந்தச் சொல்லையே விலக்கியது இதனால்தான்.

தமிழில் ‘மோதல்’ எனலாம். ஆனால் தனியே கவிழ்ந்த லாரி எதன்மீதும் மோதவில்லையே. தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘நேர்ச்சி’யிலும் ஏதோ நேர்ந்துவிட்டது என்ற தொனிதான். எனக்குப் பிடித்தது பழைய சொல்லான ‘ஏதம்’. ‘ஏதம் படுபாக் கறிந்து’ என்ற தொடர் குறளில் இரண்டு இடங்களில் (136, 164) வருகிறது. ஓரிடத்தில் குற்றம் என்றும் மற்றதில் துன்பம் என்றும் உரை கொள்வார்கள். தவறும் அதனால் வரும் துன்பமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

தொப்பூரில் நடப்பது அதுதான். நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடி போய்விடும், பாரம் முழுக்க பிரேக்கின் மேல் வரும். டிரம் சூடேறி, ‘பிரேக் புடிக்கல’ என்று டிரைவர் உணரும்போது முன்னால் கார்கள் நிற்கும். தவறு டிரைவருடையதுதான், சரி. அப்புறம் அடுத்தவரும் அதே இடத்தில் அதே தவறைச் செய்கிறாரே, ஏன்? சுமார் 500 மீட்டர் நெடுஞ்சாலையில் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் அல்லது 10 சாவுகள் நடந்தால் ஒன்றிய அரசே அதை ‘பிளாக் ஸ்பாட்’ என்று குறிக்கிறது. தற்செயல் ஒரே இடத்தைத் தேடித் தேடி வராது. சாலை வடிவமைப்பின் தரக்குறைவால் உயிர் போனால் அதற்குப் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் சொல்கிறது.

‘சாலை ஏதம்’ காதுக்குப் புதிதாக இருக்கும். ஆனால் ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை ஓட்டுகிறவரிடம் மட்டுமே பேசுகிறது. ‘ஏதப் பகுதி’ என்று எழுதினால், சரிவைக் குறைக்க வேண்டியவர்களிடமும், பிரேக் போன லாரி ஏறி நிற்க ஒரு மண்மேடு போட வேண்டியவர்களிடமும் சேர்த்தே பேசும்.