பழைய ஜீப் வாங்குகிறீர்களா? டீசலா பெட்ரோலா என்பதை முதலில் ஆர்.சி.யில் பாருங்கள்

மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து வந்த விவசாயி ஒருவர், தன் டீசல் பொலேரோவைக் கிட்டத்தட்ட இரும்பு விலைக்குத் தரகரிடம் கொடுத்துவிட்டதாக என்னிடம் சொன்னார். வண்டிக்குப் பதினோரு வயது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. "பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, பிடித்தால் திருப்பித் தரமாட்டார்கள்" என்று தரகர் பயமுறுத்தியிருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. அந்த வண்டி இன்று வேறொருவர் பெயரில், அதே மலைப்பாதையில், முறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விற்பவரை இந்தப் பொய் ஏமாற்றுகிறது. வாங்குபவரை ஏமாற்ற வேறு பொய்கள் இருக்கின்றன. போடி, வால்பாறை, கொடைக்கானல், நீலகிரி என்று மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்குப் பழைய ஜீப் தேடுகிறவர்கள் மைலேஜையும் இழுவையையும் மட்டும் விசாரிக்கிறார்கள். எரிபொருளைப் பற்றிய விதிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் நிற்கும்போதுதான் அவர்களுக்குத் தெரியவருகின்றன. அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

பத்தாண்டு விதி யாருக்கு?

டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர வட்டாரத்துக்கும் மட்டும். டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு வைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை, பி.எஸ். 4 என்ற மாசுத் தரமோ அதற்கு மேற்பட்ட தரமோ கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. டெல்லியைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இங்கே சொந்த உபயோக வண்டிக்கு, டீசலோ பெட்ரோலோ, பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். எரிபொருளை வைத்து வயதில் பாகுபாடு கிடையாது. யாராவது உண்டு என்றால், எந்த அரசாணை என்று கேளுங்கள். பதில் வராது.

ஆனால் டெல்லி விதியின் நிழல் இங்கே வேறு வழியில் விழுகிறது. அங்கே வயது வரம்புக்குப் பயந்து விற்கும் டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. ஒன்பது வயது ஸ்கார்பியோ பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். மலிவு என்பதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊர்ப் பதிவு அலுவலகம் கொடுத்த தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., கையில் இல்லாமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடத் தராதீர்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்ற சொல்லை நம்பி எட்டு மாதம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தவரை எனக்குத் தெரியும்.

என்.ஓ.சி. இருந்தாலும் கணக்கு முடியவில்லை. வெளிமாநில வண்டிக்கு இங்கே ஆயுட்கால வரி மறுபடியும் கட்ட வேண்டும். வண்டியின் வயது ஏற ஏற வரி குறையும். ஆனாலும் விலை உயர்ந்த ஜீப்புக்கு அது கணிசமான தொகை. முன்பு கட்டிய மாநிலத்தில் மீதத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது. டெல்லி வரை யார் போய் அலைவது? அந்தப் பணத்தை வராத பணமாகவே வைத்து விலை பேசுங்கள். புதுச்சேரி எண் கொண்ட வண்டிக்கும் இதே கதைதான். "பக்கத்து ஊர்தானே, அப்படியே ஓட்டலாம்" என்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவு எண் பெற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே டீசல்

நான் பார்த்ததில் அதிகம் பேர் மாட்டிக்கொண்ட இடம் இது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள் பெட்ரோல் எஞ்சினோடு வந்தவை. பெட்ரோல் செலவு தாங்காமல், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பட்டறைகளில் அவற்றுக்கு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். சிலர் அப்போதே அலுவலகத்தில் பதிந்துகொண்டார்கள். பலர் பதியவில்லை. ஜீப் நான்கு கை மாறி உங்களிடம் வரும்போது ஆர்.சி.யில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றும், எஞ்சின் எண் எதற்கும் பொருந்தாமலும் இருக்கும்.

இது முதலில் வெளிப்படுவது புகைப் பரிசோதனை மையத்தில். டீசலுக்குப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பெட்ரோலுக்குக் கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். இரண்டும் வெவ்வேறு சோதனை. உங்கள் எண்ணை அடித்ததும் கணினி பதிவேட்டிலிருந்து 'பெட்ரோல்' என்று எடுக்கும். எதிரே நிற்பதோ டீசல் வண்டி. நேர்மையான மையம் சான்று தராது. பணம் வாங்கிக்கொண்டு பொய்ச் சான்று தருகிற மையத்தைத் தேடிப் போகாதீர்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு அதுவே முதல் ஆயுதம்.

"சரி, இப்போது திருத்திக்கொள்கிறேன்" என்று அலுவலகம் போனால் அலைச்சல் தொடங்கும். ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். எஞ்சின் வாங்கிய ரசீது எங்கே என்பார்கள். முப்பது வருடத்துக்கு முன் மூடிய பட்டறையின் ரசீதுக்கு எங்கே போவது? சட்டமும் கைகொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிப்படுத்தியது. எரிவாயு, மின்சாரம் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவிகள் உண்டு. பட்டறையில் ஏற்றிய டீசல் எஞ்சினுக்கு அந்த வழி இல்லை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு உண்டு. மாற்றியது முந்தைய உரிமையாளர்தான். ஆனால் சாலையில் நிறுத்தப்படுவது நீங்கள்.

ஆகவே பேரம் பேசுவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: ஆர்.சி.யில் எரிபொருள் என்ன, எஞ்சின் எண் என்ன, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண் என்ன. பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினில் பொறித்த எண்ணை நீங்களே படியுங்கள். சேசிஸ் எண்ணையும் கிரீஸ் துடைத்துப் பாருங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணை அடித்தால் எரிபொருள், மாசுத் தரம், கடன் பதிவு உண்டா என்பது தெரியும். விற்பவர் "எதற்கு இதெல்லாம்" என்று எரிச்சல்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊராட்சி ஒன்றிய அலுவலக ஜீப் ஏலம்

அரசு வண்டி என்றால் நன்றாகப் பராமரித்திருப்பார்கள் என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு முடிந்த மத்திய, மாநில அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதே விதி. அவை பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். பழைய ஒன்றிய ஜீப்பை யாராவது "ஏலத்தில் எடுத்தேன், பேப்பர் வாங்கித் தருகிறேன்" என்று விற்க வந்தால், அவர் விற்பது உதிரி பாகங்களை. எஞ்சின் டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

பதினைந்தாவது ஆண்டு

மாருதி ஜிப்ஸி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் பதினைந்தை நெருங்கியவை அல்லது தாண்டியவை. ஆர்.சி. காலாவதி தேதியைப் பார்க்காமல் வாங்கினால் புதுப்பிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். 15 ஆண்டு தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியிருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 10,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். மூன்று வருடம் தோட்டத்தில் நின்ற ஜீப் என்றால் தாமதக் கட்டணமே 18,000. இதோடு பசுமை வரியும் உண்டு.

காலாவதி ஆவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். நம் ஊரில் இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்கிறோம். பார்ப்பது பிரேக்கை மட்டுமல்ல. முன்னால் பொருத்திய கனத்த இரும்புத் தடுப்பு, வெளியே பிதுங்கும் டயர், கூடுதல் விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலையை இவற்றுக்காக மூன்று முறை இழுத்தடித்ததைக் கண்டிருக்கிறேன். டீசல் என்றால் புகைச் சோதனைக்கு முன் இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். பழைய டீசல் எஞ்சின் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பெயர் மாற்றத்தில் நடக்கும் அலைக்கழிப்பு

விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றம் கேட்கும் படிவம் 30, காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று. காகிதத்தில் இவ்வளவுதான். நடப்பது வேறு. பதிவேட்டில் இருக்கும் கைபேசி எண் முதல் உரிமையாளருடையதாக இருக்கும், கடவு எண் (ஓ.டி.பி.) அவருக்குப் போகும், அவர் எடுக்கமாட்டார். கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கட்டாத அபராதம் ஒன்று கிடந்தால் கணினி நகராது. வங்கிக் கடன் என்றோ முடிந்திருக்கும், ஆனால் கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35 கொடுக்காததால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். ஒவ்வொரு குறையையும் ஒவ்வொரு நாள் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குறைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். வாய்ச்சொல்லில் இருக்கும்வரை அலைச்சல் தீராது.

விற்றவர் கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றுவது தரகர்களின் வழக்கம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்பவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே விற்பவர்களும் படிவம் 29ஐத் தாங்களே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எது?

பாதிக் கேள்விக்கு வண்டியே பதில் சொல்லிவிடும். ஜிப்ஸியும் ஜிம்னியும் பெட்ரோல். பொலேரோ, கூர்கா, 2020க்கு முந்தைய தார் டீசல். 2020 அக்டோபரில் வந்த தாரிலிருந்துதான் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றாடம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றி மேடு ஏறுகிறவருக்கு டீசல். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி உண்டு. தினமும் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய் வருகிற ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெருஞ்செலவு. அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோலே மேல். சென்னையில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகிவிட்டது. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த மிச்சம் ஒரு இன்ஜெக்டர் செலவுக்குக்கூடக் காணாது. பழைய பெட்ரோல் வண்டி வாங்கினால் எரிபொருள் குழாய், ரப்பர் வளையங்களை மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வெள்ளை எண் பலகை கொண்ட ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றாதீர்கள். எஞ்சின் எதுவானாலும், சொந்த உபயோக வண்டியில் பணம் வாங்கி ஆள் ஏற்றியது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். அடிபட்டவர்களின் குடும்பம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

வண்டி வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விற்பனைக் கடிதம், படிவம் 29இன் நகல், ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றோடு அன்றே போய்க் கொடுத்துவிடுங்கள்.