ஈக்விட்டி என்றால் சமபங்கா?

போன வாரம் ஒரு கருத்தரங்க அழைப்பிதழ் வந்தது. தலைப்பு, 'கல்வியில் சமபங்கு'. ஈக்விட்டியைத்தான், அதாவது அவரவர் நிலைக்கும் தேவைக்கும் ஏற்பக் கொடுத்து நியாயம் செய்வதைத்தான், இப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது சமபங்கு இது. தண்டையார்பேட்டையில் 14 வருடம் பாடம் நடத்திவிட்டு, இப்போது இதே பொருளில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

லத்தீனில் ஈக்வுஸ் என்றால் மட்டமானது, மேடுபள்ளம் இல்லாதது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு என்கிற ஈக்வாலிட்டிக்கும் வேர் அதுவே. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சமபங்கு என்பது அண்ணன் தம்பி வீட்டைப் பிரித்துக்கொள்கிற சொல். ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, புத்தகமெல்லாம் ஊறிப்போய்விட்டது. பக்கங்களைப் பிரித்தால் கையோடு கிழிந்து வந்தன. இன்னொரு செட் கேட்டேன். "ஆளுக்கு ஒண்ணுதான் டீச்சர், கொடுத்தாச்சு" என்று பதில் வந்தது. பங்கில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை கையில்தான் புத்தகம் இல்லை. நீட் தேர்விலும் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். அது போதாது என்றுதானே, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்து 2020இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது? அதைச் சமபங்கு என்று யாராவது சொல்வார்களா? பங்குச்சந்தை ஈக்விட்டிக்கு அகராதியில் போட்டிருக்கும் 'பங்கு' இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். மொழிபெயர்ப்பவர் அடுத்த வரியைப் படித்திருந்தாலே சொல் பொருந்தவில்லை என்று தெரிந்திருக்கும்.

சரி, சமத்துவம்? நல்ல சொல்தான், ஆனால் அது ஈக்வாலிட்டிக்கு வேண்டும். ஒப்புரவு என்கிறார் ஒரு தமிழாசிரியர். ஊராருக்கு உதவி வாழ்வது என்ற பொருளில் குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு, எனக்கும் ஆசைதான். ஆனால் ராயபுரத்திலோ காசிமேட்டிலோ கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர் யாரையாவது கேளுங்கள். ஒப்புரவு என்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பார்கள். புழக்கத்தில் வேரூன்றிவிட்ட பொருளைப் பிடுங்க முடியாது.

நான் எழுதுவது சமநீதி. இதில் வரும் 'சமம்' ஒரே அளவைக் குறிக்கவில்லை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்கிறதே 118ஆம் குறள், அந்தச் சமன். தராசு முதலில் தன்னைச் சமன் செய்துகொள்கிறது, எடை போடுவது அப்புறம்தான். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பார். எந்தத் தட்டு மேலே நிற்கிறதோ அதில் மட்டும் ஒரு சின்னக் கல்லை வைப்பார். இரண்டிலும் வைத்தால் கோணல் கோணலாகவேதான் இருக்கும். ஈக்விட்டி அந்தக் கல்தான்.

அழைப்பிதழ் அனுப்பியவர்களிடம் இதைச் சொன்னேன். பேனர் அடித்துவிட்டார்களாம். கட்டுரைத் தொகுப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதிலாவது மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.