ஆல்கலைன் தண்ணீர்: அது எந்தக் காரம்?

ஆல்கலைன் தண்ணீரைக் காரநீர் என்று சொல்லிப் பாருங்கள், மிளகாய் கரைத்ததா என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. நாக்கில் எரிகிற காரம் வேறு. வேதியியல் காரம் அமிலத்துக்கு எதிரானது; கசக்கும், விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும்.

ஆல்கலைனுக்கு மூலமான ஆல்கலி (காரம்) அரபியிலிருந்து வந்த சொல். உவர் மண்ணில் முளைக்கும் செடிகளை எரித்து எடுக்கும் சாம்பலுக்கு அல்-கலீ என்று பெயர், அதிலுள்ள சோடியம் கார்பனேட்டை வைத்துத்தான் அந்தக் காலத்தில் சோப்பும் கண்ணாடியும் செய்தார்கள். நம் காரத்துக்கு மூலம் வடமொழி க்ஷாரம் என்பார்கள், அதுவும் சாம்பல் உப்போடு சேர்ந்த சொல்தான். வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் கரைத்தால், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 9-ஐத் தாண்டும், பெயருக்கேற்ற சரக்கு. படிகாரத்தை மட்டும் பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, கரைந்தால் அது அமிலம்! அமிலம் என்பதும் வடமொழிப் புளிப்புதான்; தனித்தமிழ் வேண்டுவோர் காடி என்று எழுதுகிறார்கள்.

சரி, பிஎச். 1909-இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்த அளவு இது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம், ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். சுத்தமான தண்ணீரைத் திறந்து வைத்தால்கூட காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து 5.6 பக்கம் இறங்கிவிடும்.

உண்மையான குழப்பம் காரத்தன்மை என்ற சொல்லில் இருக்கிறது. பிஎச் 7-க்கு மேல் இருப்பதையும் காரத்தன்மை என்கிறோம், ஆல்கலினிட்டியையும் அப்படியே சொல்கிறோம். ஆல்கலினிட்டி என்பது தண்ணீர் எவ்வளவு அமிலத்தை ஏற்றுச் சமாளிக்கும் என்ற கணக்கு, பெரும்பாலும் அதிலுள்ள பைகார்பனேட்டைப் பொறுத்தது. பைகார்பனேட் நிறைய உள்ள கிணற்றுத் தண்ணீர் பிஎச் 7-இலேயே நிற்கலாம். சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு வெறும் 4 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் பிஎச் 10-க்கு ஏறிவிடும், ஆனால் தாங்கும் சக்தி ஒன்றும் இருக்காது. பிஎச் 2-இல் இருக்கும் இரைப்பை நீர் 10 மில்லி போதும், அந்த ஒரு லிட்டரின் காரமும் காலி.

மண்ணுக்குக் களர் (காரம் மிகுந்தது), உவர் (உப்பு மிகுந்தது) என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மொழி, தண்ணீருக்கு ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுவானேன்? பிஎச் பற்றிய பேச்சுக்குக் காரத்தன்மை என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஆல்கலினிட்டிக்கு, நீளமாக இருந்தாலும், அமிலம் தாங்கும் திறன் என்றே நான் எழுதுவேன்.