கைக்குழந்தையின் கண்ணுக்குக் கிருமி வரும் வழி

வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டால், குழந்தையை அவர் முகத்தைப் பார்க்கவிடாமல் வைத்துக்கொள்கிறார்கள். பார்வை வழியாக எந்தக் கிருமியும் போகாது. கறுப்புக் கண்ணாடி போட்டாலும் தொற்று நிற்காது. அந்தக் கண்ணிலிருந்து வடியும் நீர் கையில் படுகிறது, அதே கை குழந்தையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டு விரலைப் பிடிக்கிறது, அந்த விரல் அடுத்த நிமிடமே குழந்தையின் கண்ணைக் கசக்கப் போய்விடுகிறது. பெரும்பாலும் பாதை இவ்வளவுதான். துண்டு, தலையணை உறை, கைக்குட்டை வழியாகவும் பரவும்.

இந்த நோயைப் பரப்புவதில் முதலிடம் அடினோ வைரஸுக்கு. கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அதைக் கரைத்ததும் வைரஸ் செயலிழந்துவிடும். அடினோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது, வெறும் புரத ஓடுதான், அதனால் ஆல்கஹாலுக்கு அது அவ்வளவு சுலபமாக மசியாது, காய்ந்த பரப்பில்கூட நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவும்போது நடப்பது வேறு: கிருமி தோலிலிருந்து பெயர்ந்து தண்ணீரோடு போய்விடுகிறது. சானிடைசர் தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினால் போதும் என்று நினைப்பவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், போதாது.

நோய் வந்தவரிடமிருந்து சுமார் இரண்டு வாரம் வரை தொற்றலாம். அதுவரை அவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. குழந்தையைத் தூக்க வேறு ஆள் இருந்தால் நல்லது. சரி, நோய் அம்மாவுக்கே வந்துவிட்டால்? தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், பால் வழியாக இது வராது. ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிவிட்டுத் தூக்கினால் போதும், இடையில் தன் கண்ணைத் தொட்டுவிட்டால் மறுபடி கழுவ வேண்டும்.

பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து, வீங்கி, சீழ் வடிந்தால் அது வேறு விஷயம். பிரசவத்தின்போது பிறப்புப் பாதையில் இருக்கும் கிருமிகள் குழந்தையின் கண்ணில் ஏறியிருக்கலாம், முக்கியமாகப் பாலுறவு வழியாக அம்மாவுக்குத் தொற்றும் கொனோரியா, கிளமிடியா என்ற பாக்டீரியாக் கிருமிகள். கொனோரியா என்றால் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் தெரியும், காயமே இல்லாத கருவிழியைக்கூடத் துளைத்துவிடக்கூடியது, பார்வை போய்விடும். கிளமிடியா கொஞ்சம் தாமதமாக, 5 முதல் 14 நாளில் தலைகாட்டும், அது நுரையீரலுக்கும் போகக்கூடும் என்பதால் சொட்டு மருந்து மட்டும் போதாமல் வாய்வழி மருந்தும் கொடுப்பார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர் 1880-இல், பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் வந்துகொண்டிருந்த இந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று பல நாடுகளில் அந்த இடத்தில் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு இருக்கிறது. அதைவிட நல்ல வழி, கர்ப்ப காலத்திலேயே அம்மாவைப் பரிசோதித்துச் சிகிச்சை கொடுத்துவிடுவது. இந்தத் தொற்றுகள் பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம், அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள், மருத்துவரும் சொல்லத் தயங்கக் கூடாது.

அப்புறம், எல்லாப் பீளையும் தொற்று இல்லை. பல குழந்தைகளுக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் பிறக்கும்போது முழுதாகத் திறந்திருக்காது. கண் வெள்ளையாகவே இருக்கும், சிவப்போ வீக்கமோ இருக்காது, ஆனால் நீர் தேங்கி இமை ஒட்டிக்கொள்ளும். யாருக்கும் பரவாது, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். மூக்கை ஒட்டிய கண் முனையில் எப்படி நீவிவிடுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பீளையைத் துடைக்கும்போது கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, பிறகு அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அடுத்த கண்ணுக்குப் புதுப் பஞ்சு. சொட்டு மருந்துப் புட்டியின் முனை இமையிலோ இமை முடியிலோ படக் கூடாது.

பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று குழந்தைக்கு விட்டுவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும், உள்ளே இருப்பது ஹெர்ப்பீஸ் வைரஸாக இருந்தால் அந்தச் சொட்டு கருவிழிப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்தாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம்.