மீட்டரில் 12 வோல்ட், விளக்கில் இருட்டு

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “படுக்கைக்கு மேலே உள்ள விளக்கு எரியவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, பல்பும் நன்றாக இருக்கிறது. ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. பல்பை மாட்டினால் இருட்டு. பக்கத்துப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் எரிகிறது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி அணைந்துவிடுகிறது. கரண்ட் வந்துகொண்டுதானே இருக்கிறது?”

கரண்ட் வரவில்லை. வந்தது வோல்ட் மட்டும்தான். வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம்; கரண்ட் என்பது உண்மையில் ஓடும் மின்னோட்டம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் வண்டி விளக்குகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், இந்தத் தொல்லை வீட்டில் அவ்வளவாக இல்லாமல் வண்டியில் மட்டும் ஏன்? பள்ளியில் படித்த ஓம் விதியே போதும். 10 வாட் விளக்கு 230 வோல்ட்டில் எடுப்பது 0.04 ஆம்பியர் சொச்சம். அதே விளக்கு 12 வோல்ட்டில் எரிய 0.83 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஏதோ ஓர் இணைப்பில் 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அது 230 வோல்ட்டில் 0.04 வோல்ட்டை விழுங்கும், யாருக்கும் தெரியாது. வண்டியில் 12 வோல்ட்டில் சுமார் 0.8 வோல்ட் போய்விடும். விகிதமாகப் பார்த்தால் பாதிப்பு 350 மடங்குக்கும் மேல். இழை பல்பாக இருந்தால் இன்னும் மோசம்: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும்.

இனி மீட்டருக்கு வருவோம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை 10,000 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், ஒரு கோடிக்கு முன்னால் பத்தாயிரம் எம்மாத்திரம்? 12 வோல்ட்டில் 11.99 வோல்ட் மீட்டருக்கு வந்து சேர்ந்துவிடும். இப்போது பல்பை மாட்டுங்கள். 10 வாட் பல்பின் தடை எரியும்போதே 14 ஓம்தான். அணைந்திருக்கும்போது அதிலும் பத்தில் ஒரு பங்கு. அந்த 10,000 ஓம் வழியாக 1.2 மில்லி ஆம்பியர்தான் கசியும். பல்புக்குக் கிடைப்பது 0.02 வோல்ட்டுக்கும் குறைவு. பாக்கி முழுவதையும் அந்தக் களிம்பு வாங்கிக்கொண்டது.

அந்தக் களிம்பு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு உலோகத் தகடுகளை அழுத்தி வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் எவ்வளவு பளபளப்பான தகடும் மேடும் பள்ளமும்தான். ஒரு தகட்டின் மேடுகளில் சில, மற்றதன் மேடுகளைத் தொடும். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் உண்மையில் ஒட்டியிருக்கிறது. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளை நோக்கிக் குவிந்து, நெருக்கியடித்துக் கடந்து, மறுபக்கம் விரிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளுக்கே கொடுத்தார். தொடும் பரப்பைப் பெரிதாக்குவதால் பெரிய பயன் இல்லை, அழுத்தும் விசைதான் முக்கியம் என்பது இதிலிருந்து வரும் முடிவு. இறுக்கம் தளர்ந்த ஸ்க்ரூ ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்கும் அதுவே பதில்.

வண்டிகளின் கனெக்டர் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெள்ளீயம் மென்மையானது; ஆனால் அதன்மேல் படியும் ஆக்சைடு ஏடு கடினமானது. பின்னைச் செருகும்போது, பாலாடையை விரலால் அழுத்தினால் ஆடை கிழிந்து பால் மேலே வருவதைப் போல, ஏடு விரிசல்விட்டு அடியிலுள்ள உலோகம் பிதுங்கி வந்து மறுபக்க உலோகத்தைத் தொடும். நல்ல இணைப்பு கிடைத்துவிட்டது. வீடாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் வண்டி ஓடுகிறது, அதிர்கிறது. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்குகிறது. பின், சாக்கெட்டுக்குள் சில மைக்ரோமீட்டர் தூரம் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் உரசலிலும் புது உலோகம் வெளியே தெரிகிறது. தெரிந்த உடனே காற்றுபட்டு ஆக்சைடு ஆகிறது. அடுத்த உரசல் அதைச் சுரண்டித் தூளாக்கி அங்கேயே தள்ளுகிறது. அதன் அடியில் மறுபடி புது உலோகம், மறுபடி ஆக்சைடு. ஆயிரக்கணக்கான உரசல்களுக்குப் பிறகு அந்தச் சின்னப் புள்ளிகள் இருந்த இடத்தில் மின்சாரம் கடத்தாத கரும்பொடி சேர்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் பின்னின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு கருப்புத் தழும்பு தெரியும், கடுகில் பாதி இருக்கும். விளக்கை அணைத்தது அதுதான்.

தட்டினால் எரிவதும் இதனால்தான். தட்டிய அதிர்ச்சியில் பின் ஒரு மயிரிழை நகர்ந்து, பொடி இல்லாத இடத்தைத் தொட்டுவிடுகிறது. சில சமயம் தட்டக்கூட வேண்டாம். ஏடு மெல்லியதாக இருந்தால் போதிய மின்னழுத்தமே அதைத் துளைத்து நுண்ணிய உலோகப் பாலம் ஒன்றைக் கட்டிவிடும். 1890-இல் பிரான்சின் எட்வார்ட் பிரான்லி, அருகே மின்பொறி தெறித்தால் உலோகத் தூளின் தடை சட்டென்று குறைவதையும், தட்டினால் பழைய நிலைக்குத் திரும்புவதையும் கண்டார். தொடக்ககால வானொலிக் கருவிகள் அந்த விளைவை வைத்துத்தான் செய்தியைப் பிடித்தன. சிலர் தொட்டதும் விளக்கு எரிந்தால் அதைக் கைராசி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. கைராசிக்காரர் போன பிறகும் அந்தப் பொடி அங்கேயேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த வாகனமும் விமானமும் செயற்கைக்கோளும் இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பித்தான் ஓடுகின்றன. உராய்வு, துரு, களிம்பு பற்றிய ஆய்வுகளுக்கும் பெரிய கருவிகளுக்குத் தருவது போல் தாராளமாக நிதி தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வண்டி முழுக்க இருக்கும் இணைப்புகளில் எது குற்றவாளி? மின்னோட்டம் ஓடும்போதுதான் அது பிடிபடும். பல்பை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள். அதன் கிளாம்ப் மேல் வேண்டாம், கிளாம்பும் சந்தேகப் பட்டியலில் உண்டு. மறுமுனையை விளக்கின் நெகட்டிவ் ஒயரில் வையுங்கள். ஆரோக்கியமான வழியில் 0.1 வோல்ட் அளவுக்குள் காட்டும். 2, 3 வோல்ட் காட்டினால் திரும்பும் வழியில் கோளாறு. விளக்கு அறவே எரியாமல் 12 வோல்ட்டும் இங்கேயே காட்டினால், அந்த வழி அறுந்ததற்குச் சமம். இங்கே சரியாக இருந்தால் இதையே பாசிட்டிவ் பக்கம் செய்யுங்கள். பிறகு முனையை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்; எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ, அதுதான் ஆள். மீட்டர் ஒயர் எட்டாவிட்டால் எந்த மெல்லிய ஒயரையும் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். முன்பு நம்மை ஏமாற்றிய அந்த ஒரு கோடி ஓம், இப்போது நீட்டிய ஒயரின் தடையைப் பொருட்படுத்தாமல் துல்லியமாகக் காட்டுகிறது.

இந்த எண்ணுக்குள் இன்னோர் அழகு இருக்கிறது. உலோகத்தில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமப்பது அதே எலக்ட்ரான்கள்தான். 1853-இல் ஜெர்மன் இயற்பியலாளர்கள் வீடெமன், ஃபிரான்ஸ் இருவரும் கண்ட தொடர்பு அது. அதனால் உலோகம் உலோகத்தைத் தொடும் புள்ளியில் விழும் மின்னழுத்தத்தை வைத்தே அதன் உள்வெப்பத்தைச் சொல்லிவிடலாம். புள்ளியின் அளவு, வடிவம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வெள்ளீயம் 0.07 வோல்ட்டில் இளகத் தொடங்கும், 0.13 வோல்ட்டில் உருகும். தாமிரத்துக்கு அவை 0.12, 0.43. வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் இணைப்பின் உள்ளே உலோகம் உருகிக்கொண்டிருக்கலாம்.

ஃப்யூஸ் இதிலிருந்து காப்பாற்றாது. கெட்ட இணைப்பு மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் செய்யும். ஃப்யூஸ் போக அது அதிகரிக்க வேண்டும். 5 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 1 வோல்ட் விழுந்தால், அந்தச் சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் 5 வாட் வெப்பம் ஓய்வில்லாமல் உருவாகிறது. நிறம் மாறிய, நெளிந்த கனெக்டரைக் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

எல்.இ.டி. விளக்குகள் வேறு விதமாகக் குழப்பும். உள்ளே ரெகுலேட்டர் உள்ள வகை, வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானே அணைந்துகொள்ளும். அணைந்ததும் மின்னோட்டம் நிற்கும், இணைப்பில் விழுந்த வோல்ட் மீண்டு வரும், விளக்கு எரியும், மறுபடி வோல்ட் விழும். விட்டுவிட்டு மினுக்கும் எல்.இ.டி.யைத் தூக்கிப் போடும் முன் ஒயரைச் சோதியுங்கள்.

பின்பக்க விளக்குகளில் நடக்கும் விசித்திரமும் இதே குடும்பம்தான். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் கூடவே துடிக்கும். இழை பல்புகள் உள்ள தொகுதி என்றால் பெரும்பாலும் அதன் எர்த், அதாவது வண்டியின் உலோகச் சட்டமான சேஸிஸோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு, போயிருக்கும். சேஸிஸுக்குப் போக வழியில்லாத மின்னோட்டம், பக்கத்து இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, வேறு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கருப்புத் தழும்பு விழுந்த பின்களைத் துடைத்துப் பயனில்லை. பூச்சு தேய்ந்துவிட்டதால் சீக்கிரமே மறுபடி பொடி கட்டும். புது பின் போட்டு, சரியான கருவியால் ஒயரோடு சேர்த்து நசுக்கி (கிரிம்ப் செய்து), ஒயரைப் பக்கத்திலேயே கிளிப் போட்டுக் கட்டிவிட்டால் அதிர்வு பின் வரைக்கும் போகாது.